டெல்லியில் வரி மாறினால், தாடிக்கொம்பில் ஷிப்ட் குறையும்!

2025 ஆகஸ்ட் 18 அன்று மத்திய நிதியமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவிகித இறக்குமதி வரி மறுநாள் முதல் கிடையாது. ஆனால் அந்தச் சலுகை செப்டம்பர் 30 வரைக்கும்தான். ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவிகிதமாக ஏறியது. அதற்கு மறுநாள் டெல்லி, பஞ்சுக்கான சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது.

பத்து நாளில் மூன்று முடிவுகள். தாடிக்கொம்பு முக்கில் நின்று பகல் ஷிப்ட்டுக்கான மில் பஸ்ஸைப் பிடிக்கும் பெண்களுக்கு அடுத்த மாதம் வாரத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இந்த முடிவுகள்தாம். பஞ்சு, நூல், துணி என்று எதற்கு வரி கூடினாலும் குறைந்தாலும் அந்தச் செய்தி தொழில் பக்கத்தில் இரண்டு பத்தியாக வரும். விவசாயிக்கு என்ன ஆகும், மில் முதலாளிக்கு என்ன ஆகும், ஏற்றுமதியாளருக்கு என்ன ஆகும் என்று எழுதுவார்கள். மெஷின் முன்னால் நிற்பவரைப் பற்றிய வரி மட்டும் அதில் இருக்காது. இந்தக் கட்டுரை அவரை முன்னால் வைத்துப் பேசுகிறது.

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் வழியாகக் கரூர் போகும் சாலையில், எட்டாவது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது தாடிக்கொம்பு. வெளியூர்க்காரர்களுக்கு இது சௌந்தரராஜப் பெருமாள் கோயில் ஊர். மண்டபத் தூண் சிற்பங்களைப் பார்க்கவும், தேய்பிறை அஷ்டமிக்குச் சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிடவும் கூட்டம் வரும். குடகனாற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. வானம் பார்த்த பூமியில் விவசாயக் கூலி நிச்சயமில்லாமல் போனபோது, இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குக் கிடைத்த மாற்று மில் வேலை. தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை என்று இந்தச் சமவெளி முழுக்க நூற்பு மில்கள். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தலைமை அலுவலகத்தைச் சென்னையிலோ கோவையிலோ வைக்காமல் திண்டுக்கல்லில் வைத்திருப்பதே இங்கே தொழில் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாட்டின் நூற்புத் திறனில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநில மில்களுக்கு வருடத்துக்கு 110 லட்சம் பேலுக்கு மேல் பஞ்சு தேவை. இங்கே விளைவதோ ஐந்தாறு லட்சம் பேல். மீதியெல்லாம் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரியில் வருகிறது. கொஞ்சம் கப்பலில் வருகிறது. ஆக, தாடிக்கொம்பு மில்லுக்குக் கச்சாப் பொருளும் வெளியே. நூல் வாங்கும் சந்தையும் திருப்பூர், கரூர், பங்களாதேஷ் என்று வெளியே. உள்ளூரில் இருப்பது மெஷினும் மனிதர்களும்தான்.

பஞ்சு பேல் உடைந்து ப்ளோரூமில் நுழைகிறது. கார்டிங், ட்ராயிங், சிம்ப்ளக்ஸ் தாண்டி ஸ்பின்னிங்குக்கு வருகிறது. ஸ்பின்னிங்கில் இழை அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும். அதனால் ஜன்னல் திறக்க முடியாது. புழுக்கத்திலும் பறக்கும் பஞ்சுத் துகளிலும் ரிங் ஃப்ரேம்களுக்கு நடுவே சைடர் வேலை பார்ப்பவர் எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இருப்பார். எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கண் தேட வேண்டும். விரல் பிடித்து ஒட்ட வேண்டும். ஓடும் ஸ்பிண்டிலில் ஒரு நொடியில் நடக்கிற காரியம் அது. பழகாதவர் விரலை நூல் அறுத்துவிடும். பாபின் நிறைந்ததும் டாஃபிங், பிறகு கோன் வைண்டிங், பிறகு பேக்கிங். இந்த வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் கை வேலை இன்னும் இருக்கிறது. ஆட்டோகோனரும் ஆட்டோ டாஃபரும் வந்த மில்களில் ஆள் எண்ணிக்கை குறைந்தது உண்மை. அதற்கு வரியைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது 11 சதவிகிதம் என்றால் என்ன என்று பார்ப்போம். பஞ்சு வியாபாரம் கண்டிக் கணக்கில் நடக்கிறது. ஒரு கண்டி 356 கிலோ. கண்டி 56,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ பஞ்சு 157 ரூபாய். அதில் 11 சதவிகிதம் 17 ரூபாய். நூலின் விலையில் பாதிக்கு மேல் பஞ்சு விலைதான். மீதியில் கரன்ட், வட்டி, உதிரி பாகம், சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்கான டிமாண்ட் சார்ஜ் ஒரு கேவிஏ-வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. மெஷின் ஓடினாலும் நின்றாலும் இதில் பெரும்பகுதியைக் கட்டியே ஆக வேண்டும். பஞ்சு விலையை மில் முடிவு செய்ய முடியாது; கரன்ட் பில்லையும் வங்கி வட்டியையும் தள்ளிப்போட முடியாது. இந்த வரிசையில் முதலாளி கையில் மிஞ்சும் ஒரே திருகாணி, ஆள் சம்பளம்.

அதை எப்படித் திருகுகிறார்கள் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஓ.டி. நிற்கும். அடுத்து ஞாயிறு வேலை நிற்கும். பிறகு முழு நைட் ஷிப்ட் காணாமல்போகும். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பையன்களை 'ஊருக்குப் போயிட்டு வாங்க, கூப்பிடுறோம்' என்று அனுப்பிவைப்பார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கு வாரம் ஆறு நாள் நாலு நாளாகும். யாரையும் வேலையை விட்டு நீக்கியதாக ஒரு காகிதம்கூட இருக்காது. அதனால் எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்த வேலை இழப்பு ஏறாது.

ஆனால் இழப்பு உண்மையானது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சம்பளத்தில் பிடித்தம் போயிருந்தால்தான் இ.எஸ்.ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். வாரத்துக்கு நாலு நாள், நடுவில் ஒரு மாதம் மில் மூடல், வீட்டில் ஒரு காய்ச்சல் என்று போனால் அந்த 78 எட்டாமல் நழுவும். லே-ஆஃப் கொடுத்தால் பாதிச் சம்பளம் என்பது சட்டம்; தற்காலிகத் தொழிலாளிக்கும் பதிலித் தொழிலாளிக்கும் அது பொருந்தாது. இந்த வட்டாரத்து மில்களில் பெரும்பகுதி வேலை காண்ட்ராக்ட்டிலும் அப்ரண்டிஸ் பெயரிலும் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

திறப்பதும் மூடுவதும்

கால் நூற்றாண்டுக் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைவிட, எத்தனை முறை சாய்ந்தது என்பதுதான் கண்ணில் படுகிறது.

1999-ல் மத்திய அரசு தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. புது மெஷின் வாங்கும் கடனுக்கு 5 சதவிகித வட்டி மானியம். 2005 ஜனவரி 1-ல் உலக ஜவுளி வணிகத்தில் நாடுவாரி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் ஸ்பிண்டில்கள் பெருகின. 'நூலை உலகத்துக்கு விற்கலாம், கடன் வாங்கு' என்றது டெல்லி. மில்கள் வாங்கின.

2010 டிசம்பரில் அதே டெல்லி, அந்த நிதியாண்டுக்கு 72 கோடி கிலோவுக்கு மேல் பருத்தி நூல் ஏற்றுமதி ஆகக் கூடாது என்று உச்சவரம்பு போட்டது. நூல் விலை ஏறி ஆயத்த ஆடைத் தொழில் தவித்ததால் எடுத்த முடிவு அது. திருப்பூரின் தவிப்பு பொய்யில்லை. ஆனால் கதவைத் திடீரென்று சாத்தியதும் குடோனில் கோன் பைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. 2011 கோடையில் நூல் விலை சரிந்தது. தென்னக மில்கள் உற்பத்தியைக் குறைத்தன. அடுத்த வருடம் மார்ச் 5-ல் பஞ்சு ஏற்றுமதிக்கே தடை. விவசாயிகளின் எதிர்ப்பால் ஒரே வாரத்தில் அது தளர்ந்தது.

அப்புறம் வந்தது சீனாவின் காலம். தன் விவசாயிகளுக்காகச் சீன அரசு பஞ்சை உயர்ந்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடைத்தது. அங்கே பஞ்சு விலை ஏறியதால், சீன நெசவாலைகள் இந்திய நூலை அள்ளி வாங்கின. 2014-ல் அந்தக் கொள்கையைச் சீனா மாற்றியது, கொள்முதலும் குறைந்தது. பெய்ஜிங்கில் ஒரு கிடங்குக் கொள்கை மாறியதற்கும் வேடசந்தூர் சாலையில் ஒரு ஷிப்ட் குறைந்ததற்கும் இப்படித்தான் தொடர்பு. சீனச் சந்தையில் இந்திய நூலுக்கு 3.5 சதவிகித வரி. வியட்நாம் நூலுக்கு வரி இல்லை. பாகிஸ்தானும் 2019 முதல் அந்தச் சலுகைக்குள் வந்துவிட்டது. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் லாபத்தில் ஓடும் தொழிலில் 3.5 சதவிகிதம் என்பது சந்தையை இழப்பதுதான்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பஞ்சுக்கு 11 சதவிகித இறக்குமதி வரி வந்தது. நோக்கம் விவசாயியைக் காப்பது. மறுவருடம் மே மாதம் கண்டி விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலைக்கு எதிராகத் திருப்பூர் மே 16, 17 தேதிகளில் வேலைநிறுத்தம் செய்தது. வரியை ஏப்ரல் 14 முதலே நிறுத்திவைத்திருந்தார்கள். ஆனால் கப்பல் ஏற்றி வந்து சேர்வதற்குள் பருவமே முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. சலுகையை அக்டோபர் வரை நீட்டித்தார்கள், பிறகு வரி திரும்ப வந்தது. 2023 ஜூலை 15 முதல் தமிழகத்தின் சிறு, நடுத்தர நூற்பு மில்கள் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. கிலோ நூலுக்கு நஷ்டம், ஓட்டுவதைவிட நிறுத்துவதே மேல் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. நிறுத்திய மில்லில் சம்பளம் யாருக்கு ஓடியிருக்கும் என்று அப்போது வந்த செய்திகளில் நான் தேடினேன். முதலாளி சங்கங்களின் பேட்டிகள்தாம் கிடைத்தன.

பஞ்சு விலை ஏறினால் செயற்கை இழைக்கு மாறலாம் என்று பல மில்கள் விஸ்கோஸ் நூலுக்குப் போனதுண்டு. 2023 மார்ச் 29 முதல் விஸ்கோஸ் இழைக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை அமலானது. வெளிநாட்டு ஆலைகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை வாங்காமல் இங்கே அனுப்ப முடியாது. உள்நாட்டில் இந்த இழையைப் பெருமளவில் தயாரிப்பது ஒரே ஒரு பெருநிறுவனம். தரம் என்ற பெயரில் வந்தது, நடைமுறையில் இறக்குமதிக்கு ஒரு பூட்டு. சிறு மில்கள் இரண்டரை வருடம் கத்தின. 2025 நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பூட்டைத் திறந்ததற்கு நன்றி சொல்லலாம். இடையில் மூடிய மில்லின் தொழிலாளிக்கு யார் பதில் சொல்வது?

எதிரியா விவசாயி?

மில்களின் கோரிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வரியை ஒழி என்று எழுதிவிட எனக்கு மனம் இல்லை. விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்தி விவசாயி கடனில் செத்தது நம் காலத்தில், நம் கண் முன்னால். 2025 ஆகஸ்ட் சலுகையை விவசாயச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. காரணம், மாதம்.

இந்தியாவில் புதுப் பருத்தி அக்டோபரில் சந்தைக்கு வரத் தொடங்கும். பெரும்பகுதி விவசாயி மார்ச்சுக்குள் விற்று முடித்துவிடுவார். ஏப்ரலுக்குப் பிறகு பஞ்சு இருப்பது வியாபாரி குடோனிலும் இந்தியப் பருத்திக் கழகத்தின் கிடங்கிலும்தான். அந்த மாதங்களில் விலை ஏறினால் லாபம் விவசாயிக்குப் போவதில்லை. வரி விதிக்காமல் இருக்க உகந்த காலம் அது. நாம் 2025-ல் செய்தது நேர் எதிர். பஞ்சு இல்லாத கோடையில் வரி இருந்தது. அறுவடை வரும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வரி இல்லை. மில்லுக்குத் தேவைப்பட்டபோது உதவாமல், விவசாயிக்கு அடிக்கும்போது மட்டும் வேலை செய்த சலுகை அது.

ஆறு வாரச் சலுகை என்று முதலில் அறிவித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலிலோ மேற்கு ஆப்பிரிக்காவிலோ பஞ்சு வாங்கி, கன்டெய்னர் பிடித்து, தூத்துக்குடியில் இறக்க ஆறு வாரம் போதாது. ஏற்கெனவே கடலில் சரக்கு வைத்திருந்த பெரிய மில்லுக்கும் வியாபாரிக்கும்தான் அது பயன்படும். இரண்டு மாதப் பஞ்சைக்கூட இருப்பு வைக்க முடியாத சின்ன மில்லுக்கு அதனால் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தத்தில் 2022 டிசம்பர் முதல் வருடத்துக்கு 51,000 டன் பஞ்சு வரியில்லாமல் வரலாம். அது 3 லட்சம் பேல். தமிழ்நாட்டு மில்களுக்குப் பத்து நாள் தேவை.

விவசாயியைக் காக்கும் வழி இறக்குமதி வரி மட்டும் இல்லை. 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை, நடுத்தர இழைப் பருத்திக்குக் குவின்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். பருத்திக் கழகம் 2024-25 பருவத்தில் 100 லட்சம் பேல் வாங்கியது. அறுவடைக் காலத்தில் இந்தக் கொள்முதல் ஒழுங்காக நடந்தால், கோடையில் வரி இருக்கிறதா இல்லையா என்று விவசாயி கவலைப்பட வேண்டியதில்லை. விளைச்சல்தான் உண்மையான கவலை. 2013-14-ல் 398 லட்சம் பேலாக இருந்த நாட்டின் உற்பத்தி, இப்போது 300 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பஞ்சு போதாத நாட்டில், மில்லையும் விவசாயியையும் மோதவிடுவது யாருக்கும் உதவாது.

ஒரு தடை செய்த வேலை

தொழிலாளிக்கும் வணிகக் கொள்கைக்கும் உள்ள உறவு, வேலை கிடைக்கிறதா இல்லையா என்பதோடு முடிவதில்லை. எப்படிப்பட்ட வேலை என்பதும் சேர்ந்ததுதான். ஏற்றுமதி பெருகிய 2000-களில் இந்த மில்களுக்கு ஆள் எப்படி வந்தது? தென்மாவட்டக் கிராமங்களில் ஏஜென்ட்டுகள் வீடு வீடாகப் போனார்கள். 'மூணு வருஷம் பொண்ணு மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கட்டும், கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம் வரும்' என்றார்கள். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று அதற்குப் பெயர்கள். வெளியே போக அனுமதி இல்லை, போன் இல்லை, மூன்று வருடம் முடியும் முன்னே உடம்பு முடியாமல் திரும்பினால் பணமும் இல்லை. உலகச் சந்தையில் நம் நூல் மலிவாக விற்றதில் இந்தப் பெண்களின் பங்கு பெரிது. அதை எந்த ஏற்றுமதி விருது விழாவிலும் யாரும் சொன்னதில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்த நாச்சி அப்பேரல் ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலையில் பாலியல் தொல்லை பற்றிய புகார்கள் அதற்குப் பிறகு வெளியே வந்தன. பெண்கள் நடத்தும், தலித் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகளும், நாச்சி அப்பேரலின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடனும் ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கேப், பிவிஹெச் நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுக்கத் தொழிற்சங்கத்தினர் இன்று பேசுவது இதைத்தான். அதன்படி ஷிப்ட்டில் தொழிலாளிகளே பாலியல் தொல்லையைக் கண்காணிப்பவர்களாக இருந்தார்கள். புகாரை விசாரிக்கும் குழுவில் வெளியாள் இருந்தார். நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் போகும் என்பதும் அதில் இருந்தது.

2022 ஜூலை 29-ல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புச் சந்தேகத்தின் பேரில் நாச்சி அப்பேரல் ஆடைகளை அமெரிக்காவுக்குள் விடக் கூடாது என்று ஆணை போட்டது. ஒப்பந்தத்தின்படி ஆலை சீர்திருந்தியதற்கான ஆதாரங்களைப் பார்த்த பிறகு செப்டம்பர் 7-ல் தடையை விலக்கிக்கொண்டது. நாற்பது நாள்தான். ஆனால் எனக்குத் தெரிந்து, ஓர் இறக்குமதித் தடை இந்த மாவட்டத்துப் பெண் தொழிலாளியின் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி வந்ததும், அந்தப் பாதுகாப்பு வந்ததைக் காட்டித் திரும்பப் போனதும் இது ஒன்றுதான். 2025-ல் அதே அமெரிக்கா போட்ட 50 சதவிகிதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் பாதி, நாம் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. கரூரில் மேஜை விரிப்பு தைப்பவரும், திருப்பூரில் பனியன் தைப்பவரும், அவர்களுக்கு நூல் அனுப்பும் தாடிக்கொம்பு சைடரும் எண்ணெய் வாங்கும் முடிவை எடுத்தவர்கள் இல்லை. ஆர்டர் தள்ளிப்போனதும் சம்பளம் குறைந்தது அவர்களுக்கு.

அமெரிக்கா போடும் வரியை நம்மால் தடுக்க முடியாது. நம் வரியை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பஞ்சுக்கு இறக்குமதி வரி இல்லை, அக்டோபர் முதல் மார்ச் வரை வரி உண்டு, அந்த ஆறு மாதமும் ஆதரவு விலையில் கொள்முதல் உண்டு என்று ஐந்து வருடத்துக்கு ஒரே அறிவிப்பாகச் செய்யலாம். விவசாயியும் மில்லும் முன்கூட்டியே திட்டமிட முடியும். சலுகை வாங்கும் மில், அந்தக் காலத்தில் ஷிப்ட் நாள்களைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் லே-ஆஃப் சம்பளத்தைக் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்க்கலாம். ஜவுளி அமைச்சகத்தின் ஆலோசனைக் கூட்டங்களுக்கு மில் சங்கங்களும் ஏற்றுமதிக் கவுன்சில்களும் போகின்றன. திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் சாதித்த தொழிற்சங்கப் பெண்களுக்கும் அங்கே அழைப்பு போக வேண்டும். வரி மாறினால் எந்த ஷிப்ட் முதலில் நிற்கும் என்று அமைச்சக அதிகாரிகளைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் எம்.பி-க்கள் மூவரும் இதை ஒரே குரலில் மக்களவையில் கேட்க வேண்டும். பருத்தி ஆண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அறிவிப்பு அதற்கு ஆறு மாதம் முன்னதாக வந்தால்தான் பலன் உண்டு.